காருக்கு வைத்த கைநாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கேட்டைச் சாத்தியதும் புகழேந்தி செய்த முதல் காரியம், மதிவதனியின் ஹேர் டிரையரை அலமாரியிலிருந்து எடுத்ததுதான்.

சொந்தமாகக் கார் இருக்கும்போது அடி அண்ணாமலையில் இருக்கிற அம்மா வீட்டுக்கு எதற்கு ஆட்டோ என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. "பாலிஷ் போடணும் மதி. போட்டுட்டு நிழல்லயே காயவிடணுமாம். அதுவரைக்கும் வண்டிய அசைக்கக் கூடாதாம். நீங்க போய் அத்தையப் பாத்துட்டு சாயங்காலமா வாங்க" என்றான். உண்மை பேசுகிறவன் இத்தனை விவரம் சொல்வதில்லை. அவள் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்றாள். அந்தச் சரிதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பான்.

ஆட்டோவில் ஏறப்போன இனியா திரும்பி ஓடி வந்தாள். யூ.கே.ஜி. படிக்கிற பெண். காரின் முன்னால் எம்பி நின்று, பானெட் நுனியில் இருந்த பேட்ஜின் நடுவே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "தாத்தா, டாட்டா" என்றாள். பள்ளிக்கூட வேன் வரும்போதும் அவளுக்கு இதுதான் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தப் பேட்ஜைத்தான் புகழேந்தி கழற்றப் போகிறான். குழந்தையின் விரல் அதன்மேல் இருந்தபோதும் அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்த முகமாகக் கையசைத்து அனுப்பிவைத்தான்.

பேட்ஜ் என்னவோ சாதாரணமானதுதான். ஒரு வட்டம், அதற்குள் விரித்த இரண்டு சிறகுகள், மேலே வெள்ளி மினுக்கு. அந்தக் கம்பெனிக் கார் எல்லாவற்றிலும் இருக்கும். இவன் காரில் மட்டும் சிறகுகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. குங்குமம் இல்லை, எனாமல் பெயிண்ட். மாட்டுக்கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட்.

வைத்தவர் அவன் மாமனார் கண்ணாயிரம். கார் வாங்கிய புதிதில், மாட்டுப் பொங்கலன்று அடி அண்ணாமலைக்கு அதை ஓட்டிக்கொண்டு போனார்கள். கண்ணாயிரம் வாசலில் உட்கார்ந்து மாடுகளுக்கு ஒரு கொம்பு சிவப்பும் ஒரு கொம்பு நீலமுமாக அடித்துக்கொண்டிருந்தார். வேட்டியில் பாதி பெயிண்ட். அடித்து முடித்ததும் டப்பாவோடு எழுந்து வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கட்டைவிரலை டப்பாவில் தோய்த்து, பேட்ஜின் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

"இதுவும் நம்ம வூட்டு மாடுதான மாப்ள. இத மட்டும் வுட்டா கோச்சிக்கும்" என்றார். "குங்குமம் வெச்சா மழைல போயிடும். இது போவாது."

எல்லோரும் சிரித்தார்கள். புகழேந்தியும் சிரித்தான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் உரித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் தேய்த்தான், சோப்புப் போட்டுத் தேய்த்தான். மாமனார் சொன்ன மாதிரியே அது போகவில்லை. நகத்தால் சுரண்டினால் மினுக்கும் சேர்ந்து உரியும் போலிருந்தது. தின்னர் போட்டால் பேட்ஜே பாழாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். விட்டுவிட்டான்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவன் உதவியாளர். காரை அலுவலக வளாகத்தில் நிறுத்திய முதல் நாளே பக்கத்து சீட் அருணகிரியின் கண்ணில் அது பட்டுவிட்டது. அருணகிரி கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்று கிடைத்தால் விடமாட்டார்.

"இன்னா சார், காருக்குப் பத்திரப் பதிவா? கைநாட்டு வச்சிருக்கு?" என்றார்.

டீக்கு நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் புகழேந்தி சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மாமனாருக்குத் தெரிஞ்ச கையெழுத்து அது ஒண்ணுதான் சார்" என்றான்.

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. கைநாட்டு என்பது ஓர் ஆபீஸில் வெறும் விரல்ரேகை இல்லை. அது ஆளைக் குறிக்கிற சொல். ஒருவரைக் கைநாட்டு என்று சொல்லிவிட்டால், அந்த ஆளிடம் அதற்கு மேல் விளக்கிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். பெண் கொடுத்த மனிதரை அந்தச் சொல்லுக்குள் வைத்து நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு, அவன் டீயைக் குடித்தான். டீ நன்றாகத்தான் இருந்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் தினமும் காலையில் வாசலில் இருக்கிற வருகைப்பதிவு மிஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கே போனில் தேடிப் புதுப் பேட்ஜ் ஒன்றுக்கு ஆர்டர் போட்டான். பார்சல் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. மேசை டிராயரில் வைத்தான். ஒரு லீவு நாளில் மாட்டிவிடலாம் என்று இருந்தான்.

அதற்குள் ஆனி மாதம் வந்தது. நிலத்துக்கு மோட்டார் போடப் போன கண்ணாயிரம் வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புகழேந்தி கல்நெஞ்சக்காரன் இல்லை. அவனும் அழுதான், பாடைக்குத் தோள் கொடுத்தான். ஆனால் சாவுக்கு வந்திருந்த ஆபீஸ்காரர்கள் மாலையோடு அவன் காரைக் கடந்து வந்தபோது, அவர்கள் கண் பேட்ஜுக்குப் போகிறதா என்று பார்த்தான். அப்படிப் பார்த்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சிவப்பு வேறாகிவிட்டது. மதிவதனி காரைக் கழுவினால் பேட்ஜை மட்டும் தொடமாட்டாள். சுற்றிலும் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். ஆயுத பூஜை வந்தது. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை என்று சொல்லி, காருக்குச் சந்தனம்கூட வைக்கவில்லை. அதனால் கண்ணாயிரம் வைத்ததுதான் கடைசிப் பொட்டு என்று ஆயிற்று. இதெல்லாம் புகழேந்திக்குத் தெரியும். வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பார்சல் டிராயரிலேயே கிடந்திருக்கும். ஆனால் புதிதாக வந்த அதிகாரி, அடுத்த வாரம் போளூரில் நடக்கிற கல்யாணத்துக்கு "புகழேந்தி, உங்க கார்லயே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அருணகிரி விடுவாரா. "சார் ஏறும்போது அந்தக் கைநாட்டு மேல ஒரு மாலையப் போட்டுடுங்க, தெரியாது" என்றார். அன்று மாலை பார்சல் வீட்டுக்கு வந்தது.

மதியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

மனசு தனக்கு வேண்டிய நியாயத்தைத் தானே தைத்துக்கொள்ளும். பழையதைத் தூக்கியா எறியப் போகிறோம், அழகாகக் கழற்றித் துடைத்து, ஒரு பெட்டியில் வைத்து அவளிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். வெயில் மழை படாமல் பத்திரமாக இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரை ஹாலிலிருந்து போர்ட்டிகோவுக்கு இழுக்கும்போது, அவளுக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரியே அவனுக்கு ஆகிவிட்டது.

வீடியோவில் பார்த்த மாதிரியே செய்தான். பேட்ஜ் இருந்த இடம் மறந்துபோகாமல் சுற்றிலும் காகித டேப் ஒட்டினான். ஹேர் டிரையரைப் போட்டுச் சூடு காட்டினான். பின்னால் இருக்கிற பசை இளகியதும் தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பேட்ஜுக்கும் பானெட்டுக்கும் நடுவே நுழைத்து, இப்படியும் அப்படியுமாக அறுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் ஒரு சின்னச் சத்தத்தோடு பேட்ஜ் கையில் வந்து விழுந்தது. அதைக் கீழே விரித்த செய்தித்தாளில் வைத்தான்.

பானெட்டில் கறுப்பாகப் பசை ஒட்டியிருந்தது. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மீந்த தின்னர் ஒரு பாட்டிலில் இருந்தது. பழைய பனியன் துணியில் துளித்துளியாக ஊற்றி, கார் பெயிண்டில் நிற்காமல் உடனுக்குடன் துடைத்து எடுத்தான். இடம் சுத்தமானது. புதுப் பேட்ஜின் பின்னால் இருந்த தாளை உரித்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கால் இரண்டையும் பானெட்டில் இருந்த ஓட்டையில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான்.

எட்ட நின்று பார்த்தான். பளபளவென்று இருந்தது. ஷோரூமில் பார்த்த கார் திரும்பி வந்துவிட்டது. உடனே போட்டோ எடுத்து அருணகிரிக்கு அனுப்பினான். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

அப்புறம்தான் பழையதைக் கையில் எடுத்தான். அதை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் அவனுக்கு அது ஒரு சிவப்புத் திட்டு. இப்போதுதான் ரேகைகள் தெரிந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக, அகலமான ஒரு விரலின் ரேகைகள். நடுவே சாய்வாக, ரேகையே இல்லாமல் ஒரு வெற்றுக் கோடு. அரிவாள் பட்ட தழும்பு. கல்யாணத்தன்று இவன் கையைப் பிடித்துப் பெண்ணின் கையோடு சேர்த்தபோது அந்தத் தழும்பு இவன் புறங்கையில் உரசியது நினைவுக்கு வந்தது.

நல்லபடியாக வைக்க வேண்டும் என்று தோன்றியது. பின்பக்கம் பிசுபிசுவென்று பசை. அப்படியே பெட்டியில் வைத்தால் அசிங்கமாக ஒட்டிக்கொள்ளும். பனியன் துணியில் தாராளமாகத் தின்னரை ஊற்றினான். பேட்ஜை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, முன்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, பின்பக்கத்தை அழுத்தித் துடைத்தான். தின்னர் ஓரம் வழியாக வழிந்து விரல் இடுக்கில் குளிர்ந்தது. அவன் கவனிக்கவில்லை. பசை முழுக்கப் போகும்வரை துடைத்தான்.

திருப்பிப் பார்த்தபோது சிறகுகளுக்கு நடுவே சிவப்பு குழைந்து கிடந்தது. ரேகையைக் காணோம். தழும்பைக் காணோம். பதறிப்போய்க் கையிலிருந்த துணியாலேயே ஒற்றினான். அதில்தான் தின்னர் இருந்தது. மிச்சம் இருந்ததும் துணிக்கு வந்துவிட்டது. பேட்ஜில் மங்கலாக ஒரு ரோஸ் நிறமும், அவனுடைய இடது கட்டைவிரலில் நகக்கண் வரைக்கும் சிவப்புமாக நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செய்துவிட்டோமே என்று முதலில் தோன்றவில்லை. மதி வந்து கேட்பாளே என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியது இன்னும் கேவலமாக இருந்தது. குரங்கு பிய்த்துவிட்டது என்று சொல்லலாமா. யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்லலாமா. ஒவ்வொரு பொய்யாக எடுத்து உடுத்திப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருந்த ஒரு பெயிண்ட் கடையில் சிவப்பு எனாமல், இருப்பதிலேயே சின்ன டப்பா, கேட்டான்.

"கொம்புக்கா சார்?" என்றார் கடைக்காரர். "பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே."

"ஆமா" என்றான் புகழேந்தி. இரண்டில் எதற்கு ஆமாம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

திரும்பி வந்து, மாட்டிய புதுப் பேட்ஜை அதே நரம்பால் அறுத்து எடுத்தான். அவசரத்தில் ஒரு சிறகு உடைந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. பழைய பேட்ஜை இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினான். டப்பாவைத் திறந்து, ஏற்கெனவே சிவந்திருந்த அந்த இடது கட்டைவிரலையே தோய்த்து, கண்ணாயிரம் வைத்த இடத்தில் வைத்து அழுத்தி எடுத்தான்.

ஒல்லியாக, நீளமாக விழுந்தது. பேனா பிடிக்கிறவன் விரல். கொஞ்சம் உருட்டி வைத்து அகலப்படுத்தினான். அப்புறம் உள்ளே போய் ஒரு குண்டூசி எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவே சாய்வாக ஒரு கோடு இழுத்தான். இறந்துபோனவரின் கைநாட்டை இன்னொருவன் வைத்தால் அதற்கு என்ன பெயர், என்ன தண்டனை என்பதெல்லாம் அவன் வேலை பார்க்கிற ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கோடு நேராக விழவில்லை.

டப்பா, துணி, உடைந்த பேட்ஜ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மாடிப்படிக்குக் கீழே மறைத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். விரலில் இருந்த சிவப்பு போகவில்லை. நீ குங்குமம் இல்லையே என்று அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. மதிவதனி அம்மா கொடுத்தனுப்பிய அவரைக்காய்ப் பையோடு இறங்கினாள். இனியா அவளை முந்திக்கொண்டு ஓடி வந்தாள். ஓடுகிற வேகத்திலேயே எம்பி, கட்டைவிரலைப் பேட்ஜில் வைத்தாள்.

"இனியா, இரு இரு" என்று புகழேந்தி எழுந்து வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. குழந்தை தன் விரலைப் பார்த்தாள். பேட்ஜைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்த ஒரு முகத்தை அவன் அந்த வீட்டில் பல மாதமாகப் பார்த்ததில்லை.

"அம்மா, தாத்தா வந்திருக்காரும்மா" என்றாள். "இப்பதான் வச்சிருக்காரு. ஈரமா இருக்கு பாரு."

சிவந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். ஹாலில், சமையலறையில், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில், ஒவ்வோர் இடமாக அவள் குரல் கேட்டது. தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒளிந்துகொண்டிருக்கிற ஆளைக் கண்டுபிடிக்கப் போகிற சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. கூப்பிடாமல் இருக்க மாட்டாளா என்று புகழேந்திக்கு இருந்தது.

மதிவதனி பையைக் கீழே வைத்தாள். குனிந்து பேட்ஜைப் பார்த்தாள். குண்டூசிக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க" என்றாள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்திருந்த கையை அவன் விரித்தான்.

"அப்பாது எங்க?"

அவன் மாடிப்படிக்குக் கீழே போய், பையிலிருந்து பனியன் துணியை எடுத்து வந்து கொடுத்தான். வேறு என்ன கொடுப்பது. அவள் அதை வாங்கி, சிவப்பு இருந்த பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்தாள்.

"பத்திரமா எடுத்து உங்கிட்ட குடுக்கலாம்னுதான் மதி... தின்னர் பட்டுடுச்சு. நான் வேணும்னு பண்ணல."

"கழட்டுனது வேணும்னுதான?"

அவன் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"ஆபீஸ்ல சிரிக்கிறாங்கன்னுதான?" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்ததும், "சந்திரகலா சொன்னாங்க" என்றாள். சந்திரகலா அவன் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் பெண்ணும் இனியா போகிற வேனில்தான் போகிறாள். "அவங்க சிரிச்சதயும் சொன்னாங்க. நீங்க சொன்னதயும் சொன்னாங்க. மாசி மாசமே தெரியும்."

மாசி மாதத்திலிருந்து இவள் இந்த முகத்தோடுதான் தனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது.

"எனக்குக் கோவம் தாங்கல. அப்பாவுக்குப் போன் பண்ணி சொல்லிட்டேன். உங்கள மாட்டிவிடணும்னுதான் சொன்னேன். அவரு சிரிக்கிறாரு. 'கைநாட்டுதானம்மா. மாப்ள இன்னா பொய்யா சொல்லிட்டாரு'ன்னு." அவள் குரல் அதுவரை நேராகத்தான் இருந்தது. "ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணாரு. 'மாப்ள நாலு பேரு நடுவுல போற வண்டிம்மா. எனக்குத் தோணல. அவரு ஊட்டுல இல்லாதப்ப சொல்லு, மண்ணெண்ணெ எடுத்துக்கினு வந்து நானே தொடச்சி வுட்டுட்டுப் போறேன்'னாரு."

கையிலிருந்த துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு சொன்னாள்: "நான்தான் 'வேணாம்ப்பா, இருக்கட்டும்'னேன்."

புகழேந்தி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கையில் மண்ணெண்ணெய் பாட்டிலோடு, பஸ் பிடித்து வந்து, தன் விரலைத் தானே துடைத்துவிட்டுப் போக அந்த மனிதர் தயாராக இருந்திருக்கிறார். இவனும் அவள் வீட்டில் இல்லாத நேரம்தான் பார்த்தான்.

இனியா திரும்பி வந்தாள். "எங்கயும் இல்லம்மா. போயிட்டாரா?"

மதிவதனி அவனைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

அவன் குழந்தைக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தான். "தாத்தா வரலம்மா. இது அப்பா வச்சது."

இனியா அவன் விரலைப் பார்த்தாள், பேட்ஜைப் பார்த்தாள். "அப்ப தாத்தா வச்சது?"

"அது... தொடச்சதுல போயிடுச்சு."

"யாரு தொடச்சா?"

"அப்பாதான்."

"தாத்தாவத் தொடச்சிட்டியாப்பா?"

ஆமாம் என்று சொல்ல அவனுக்கு நேரமாயிற்று. ஆனால் சொன்னான். அன்றைக்கு அவன் பேசியதில் அந்த ஒரு வார்த்தைதான் கூட்டல் குறைச்சல் இல்லாதது. குழந்தை அழவில்லை. தன் விரலில் இருந்த சிவப்பைக் கவுனில் துடைத்துக்கொண்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மதிவதனி தின்னர் பாட்டிலைத் தானே எடுத்து வந்தாள். வேறொரு துணியில் ஊற்றி, அவன் வைத்த ரேகையைக் குண்டூசிக் கோட்டோடு சேர்த்துத் துடைத்தாள். "பொய்யா ஒண்ணு அங்க இருக்க வேணாம்" என்றாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தான். போடவில்லை. மடித்த பனியன் துணியை பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அவரைக்காய் ஆய உட்கார்ந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து இரண்டு காயை எடுத்து நார் உரித்தான்.

திங்கட்கிழமை காலை வேன் ஹாரன் அடித்தது. இனியா பையை மாட்டிக்கொண்டு காரைக் கடந்து போனாள். பேட்ஜ் பக்கம் திரும்பவில்லை. மினுக்குப் போய் அது வெளிறிக் கிடந்தது.

ஆபீஸ் வாசலில் வழக்கம்போல் வரிசை. வலது விரல் சரியாகப் பதிவதில்லை என்று புகழேந்தி எப்போதும் இடது கட்டைவிரலைத்தான் மிஷினில் வைப்பான். வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் வைக்கச் சொல்லி மிஷினில் ஒரு பெண் குரல் பேசியது. பேன்ட்டில் துடைத்துவிட்டு வைத்தான். மறுபடியும் அதே குரல். ரேகைகளுக்குள் பெயிண்ட் ஏறி அடைத்துக்கொண்டிருந்தது. அதில் எது கண்ணாயிரத்தினுடையது, எது கடையில் வாங்கியது என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

பின்னால் நின்ற அருணகிரி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பேட்ஜ் மாத்துன கையா? உங்க கைநாட்டே செல்லலயே" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சந்திரகலா சிரிக்கவில்லை. புகழேந்தியும் சிரிக்கவில்லை.

"அது எங்க மாமனாரு பெயிண்ட்டு" என்றான். அவன் சொன்ன விதத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அருணகிரிக்கு என்னவோ போலாகிவிட்டது. கெட்டவர் இல்லை என்று சொன்னேனே. அவசரமாக உள்ளே போய், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்து நீட்டினார்.

"கொஞ்சம் போட்டுத் தேச்சா சுத்தமாப் போயிடும் சார். குடுங்க கைய."

புகழேந்தி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"வேணாம் சார்" என்றான். "இருக்கட்டும்."